காற்றுக் குழாயும் கழுவிய நெய்யும்

அந்தப் பெண் இறங்க வேண்டிய இடம் அது இல்லை. ஆவடிக்கு இன்னும் தூரம் இருந்தது. துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டு, என் ஷேர் ஆட்டோவின் பின் சீட்டிலிருந்து என் தோளைத் தட்டினாள்.

"அக்கா, ஓரங்கட்டு. எறங்கிக்கறேன்."

"இன்னும் ரெண்டு ஸ்டாப் கீதேம்மா."

"பரவால்ல. நடந்துக்கறேன்."

அவளோடு இன்னொரு ஆளும் இறங்கினான். இறங்கியவன் சும்மா போகவில்லை. "இன்னாக்கா, கறிக்கட வேஸ்ட் ஏத்திகினு வந்தியா? நாத்தம் கொடலப் புடுங்குது" என்றான்.

அப்போது என் பக்கத்தில், டிரைவர் சீட்டின் ஓரத்தில், என் வீட்டுக்காரர் ஏழுமலை உட்கார்ந்திருந்தார். இடது காலில் கட்டு. கட்டின் மேல் பிளாஸ்டிக் கவர், ரப்பர் பேண்டு. நாற்றம் அங்கிருந்துதான் வந்தது.

நான் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி அவனைப் பிடித்தேன். என்ன சொன்னேன் என்பதை எழுதினால் இந்தப் பத்திரிகைக்காரர்கள் வெட்டிவிடுவார்கள். அவன் திரும்பிப் பார்க்காமல் நடந்தான். வண்டிக்கு வந்தபோது ஏழுமலை ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

"உடு மே. அவன் சொன்னது நெசந்தான?"

திட்டியவனை விட இந்த ஆள்தான் எனக்கு அதிக ஆத்திரத்தைக் கொடுத்தார்.

நின்று நின்று வந்த வினை

ஏழுமலை லேத் ஓட்டுபவர், இரும்பு கடைகிற வேலை. மண்ணூர்பேட்டையில் நாலு மெஷின் உள்ள ஒரு சின்னப் பட்டறை. கல்யாணமாகி நான் அயனம்பாக்கத்துக்கு வந்த நாளிலிருந்து அவர் நின்றுகொண்டேதான் சம்பாதித்தார். காலையில் நிற்பார், ஓவர்டைம் வந்தால் ராத்திரி வரை நிற்பார். கெண்டைக்காலில் நரம்பு மண்புழு மாதிரி சுருண்டு கிடக்கும். லேத்காரன் காலென்றால் அப்படித்தான் இருக்கும் என்று அவரும் நினைத்தார், பட்டறையில் எல்லோரும் நினைத்தார்கள்.

சர்க்கரையும் வந்தது. கணுக்காலுக்கு மேலே, உட்புறம், ஓர் இடம் கறுத்து அரித்தது. சொறிந்தார். வேர்க்கடலை அளவு புண். ஒரு வருஷம் தாண்டியபோது அது என் உள்ளங்கை அளவுக்கு இருந்தது.

அந்தக் காலம் முழுவதும் அவர் வாயில் ஒரே வார்த்தைதான். எரியுது. சாப்பிடும்போது எரியுது, படுத்தால் எரியுது. கேட்டுக் கேட்டு அது எங்கள் வீட்டுக் காற்றாடிச் சத்தம் மாதிரி ஆகிவிட்டது.

எங்கள் தெருவில் புண் என்றால் எல்லோரும் டாக்டர். ஒருத்தி மாத்திரையைப் பிரித்து உள்ளே இருக்கும் தூளைப் புண்ணில் கொட்டச் சொன்னாள். ஒருத்தன் காப்பித்தூள் என்றான். என் அண்ணன் டி.வி.யில் பார்த்து ஏதோ களிம்பு வாங்கிக்கொண்டு வந்தான். அதைப் போட்ட இடம் வெந்து போனது. அண்ணனைப் பற்றிப் போன வாரம் இந்தப் பத்தியில் எழுதியதற்கே போன் போட்டுக் கத்தினான். கத்தட்டும்.

பெரிய ஆஸ்பத்திரிக்கும் போனோம். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கு எவ்வளவு நேரம் கொடுக்க முடியுமோ அவ்வளவு கொடுத்தார்கள். சுத்தம் செய்தார்கள், மருந்து கொடுத்தார்கள். கொஞ்சம் ஆறும், மறுபடி திறக்கும். கடைசியாகப் பார்த்த இளம் டாக்டர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எலும்புக்குப் போச்சுன்னா பாதத்தை எடுக்கற மாதிரி ஆயிடும்ங்க" என்றார்.

ஆட்டோவில் ஏறியதும் ஏழுமலை கேட்டார்.

"ஒத்தக் கால்ல லேத்து ஓட்ட முடியுமா மே?"

"ஒக்காந்து ஓட்டுய்யா."

"ஒக்காந்து ஓட்டுனா அதுக்குப் பேரு லேத்து இல்ல. தையல் மிசினு."

இரண்டு பேரும் சிரித்தோம்.

மூக்கை மூடாதவர்

பருத்திப்பட்டில் ஏரிப் பக்கம் ஆயுர்வேத லேடி டாக்டர் ஒருவர் இருக்கிறார், ஆறாத புண் பார்க்கிறார் என்று என் வண்டியில் தினமும் வரும் குவாட்டர்ஸ் அம்மா சொன்னார். எனக்கு நம்பிக்கை இல்லை. எல்லா நோயும் தீரும் என்று சுவரில் எழுதி வைத்திருக்கும் ஆட்களைக் கண்டால் எனக்குச் செருப்பைக் கழற்றத் தோன்றும். ஆனாலும் போனேன். கால் போய்விடும் என்றால் எங்கேதான் போக மாட்டோம்.

டாக்டருக்கு நாற்பது வயது இருக்கும். காலேஜில் ஆயுர்வேதம் படித்தவர். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து டாங்கி செய்யும் தொழிற்சாலை வேலைக்கு வந்தவர். இவர் ஆவடி குவாட்டர்ஸில் பிறந்து வளர்ந்தும் அவர்கள் வீட்டுப் பேச்சு நாக்கில் இருந்தது. சுவரில் எந்த விளம்பரமும் இல்லை.

பிளாஸ்டிக் கவரைக் கழற்றினார். கட்டைப் பிரித்தார். நான் வழக்கம்போல ஜன்னல் பக்கம் நகர்ந்தேன்.

அவர் குனிந்தார். முகத்தைப் புண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய் மோந்து பார்த்தார். நிமிர்ந்து ஒரு மூச்சு விட்டுவிட்டு மறுபடி குனிந்து மோந்தார். நான் அவர் மூக்கையே பார்த்தேன். சுருங்கவில்லை. பழம் வாங்கும்போது மோந்து பார்ப்பது மாதிரி இருந்தது.

"வாடை ஒண்ணு சொல்லுது. எக்ஸ்ரே படம் என்ன சொல்லுதுன்னும் பாத்துருவோம்" என்றார். "எலும்பைத் தொட்டிருந்தா நானே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிருவேன். காலுக்கு ரத்தம் ஒழுங்கா எறங்குதான்னும் ஸ்கேன்ல தெரியணும். சர்க்கரை மாத்திரையை நிறுத்தக் கூடாது. அதை நிறுத்தினா நான் காலைத் தொட மாட்டேன்."

எனக்கு எரிச்சல் வந்தது. "படம் அவங்க எடுக்கறாங்க, மாத்திர அவங்க குடுக்கறாங்க. அப்ப நீ இன்னாத்துக்கு டாக்டரம்மா?"

"கழுவுததுக்கு" என்றார்.

வெளியே வந்ததும் ஏழுமலை செருப்பு மாட்டாமல் நின்றார்.

"மோந்து பாத்தாங்க மே."

"பாத்தேன்."

"நீகூட மோந்தது இல்ல."

"எனக்குச் சளிய்யா. ஏறு வண்டில."

கழுவுவது

எலும்புக்குப் போகவில்லை. காலுக்கு இறங்கும் ரத்தமும் சரியாக இருந்தது. இறங்கிய ரத்தம் மேலே ஏற முடியாமல் தேங்குவதுதான் கோளாறு என்றார் டாக்டர். அதற்கப்புறம்தான் வைத்தியத்தை ஆரம்பித்தார்.

பச்சிலை வைத்துக் கட்டினால் ஆறிவிடும் என்று நினைப்பவர்கள் ஒரு நாள் அங்கே போய் உட்கார வேண்டும். அது மந்திரம் இல்லை. உழைப்பு. கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய் மூன்றையும் வேப்பம்பட்டையோடு கொதிக்க வைத்து வடிகட்டுவார். டீக்கடை டிகாக்ஷன் நிறத்தில் இருக்கும். வெதுவெதுப்பானதும் அதைப் புண்ணில் ஊற்றுவார். அவசரமே இல்லை. வெளியே பத்துப் பேர் காத்திருந்தாலும் அதே நிதானம். செத்த சதையைக் கத்தரியால் கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பார். பிச்சி இலையும் வேப்பிலையும் மஞ்சளும் காய்ச்சிய எண்ணெயில் துணியை நனைத்து வைப்பார். அப்புறம் விரலிலிருந்து முட்டி வரை கட்டு. கீழே இறுக்கம், மேலே போகப் போகத் தளர்வு.

வீட்டில் படுக்கும்போது கால் நெஞ்சை விட உயரத்தில் இருக்க வேண்டும். இரண்டு தலையணை போதாமல் நான் என் ஆட்டோவின் பழைய சீட்டைக் கொண்டுவந்து போட்டேன்.

நடுவில் அட்டையும் விட்டார். கண்ணாடிப் புட்டியில் தண்ணீர், அதில் அட்டைகள். புண்ணைச் சுற்றிக் கறுத்த இடத்தில் ஒவ்வொன்றாக ஒட்டவைத்தார். ஓடும் மெஷினில் பயமில்லாமல் கை வைக்கும் ஆள் என் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். "குடிச்சிட்டு அதுவே உழுந்துடுமா டாக்டரம்மா? நெசமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். குடித்துவிட்டு அதுவே விழுந்தது.

முதலில் நாற்றம் போனது. அப்புறம் வெளுத்துக் கிடந்த சதையில் மாதுளை முத்து மாதிரி சிவப்புப் புள்ளிகள் வந்தன. அதைக் காட்டும்போது மட்டும் டாக்டர் முகத்தில் ஒரு சிரிப்பைப் பார்த்தேன்.

ஏழுமலைக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்து பார்க்கும் வேலை என்றால் போகலாம் என்று டாக்டர் விட்டார். பட்டறை முதலாளி நல்ல மனிதர். ஸ்டூல் போட்டு, கடைந்து முடிந்த ஜாப்புகளை அளந்து பார்க்கும் வேலையைக் கொடுத்தார்.

அதன் பிறகுதான் புண் அப்படியே நின்றுவிட்டது. ஆறவில்லை. சிவப்பு மங்கியது. ஓரம் மறுபடி வெளுத்தது.

பஞ்சில் மினுமினுத்தது

ஒரு நாள் கழுவும்போது டாக்டர் நிறுத்தினார். எடுத்த பஞ்சை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். கறுப்பாகப் பொடி. நடுநடுவே மினுமினுப்பு.

"இது என்னது?"

எனக்குத் தெரியும். அந்த மினுமினுப்பை இத்தனை வருஷமாக அவர் சட்டையிலிருந்து நான்தான் துவைக்கிறேன். வெளியே போய் ஆட்டோவின் டேஷ்போர்டில் ஒட்டியிருந்த அம்மனைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன். அதன் அடியில் காந்தம். பஞ்சுக்குக் கிட்டே காட்டினேன். பொடி எழுந்து நின்று அம்மன் காலில் ஒட்டியது.

"இரும்பு" என்றேன்.

டாக்டர் கட்டுத்துணியைப் புரட்டிப் பார்த்தார். "கட்டுக்கு வெளியே இல்லையே. உள்ள, சதையில இருக்கு. கட்டைப் பிரிக்கீகளா?"

"இல்லியே" என்றார் ஏழுமலை. சொல்லும்போது மேலே ஃபேனைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் பொய் சொன்னால் ஃபேனைப் பார்ப்பார். ஃபேன் இல்லாத இடத்தில் அவரால் பொய் சொல்ல முடியாது.

டாக்டர் கையுறையைக் கழற்றினார். "உள்ள இரும்பு போய்க்கிட்டே இருந்தா என் எண்ணெய் ஒண்ணும் செய்யாது. சீழ் வச்சா அவங்க சொன்னதுதான் நடக்கும். பாதம் போயிரும். காரணத்தைக் கண்டுபிடிச்சிட்டு வாங்க."

மண்ணூர்பேட்டைக் காற்று

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் வேலை செய்யாதவர்களுக்கு இது தெரியாது.

பட்டறையில் கம்ப்ரசர் ஓடும். அதிலிருந்து குழாய் வரும். முனையில் துப்பாக்கி மாதிரி ஒரு பிடி. அழுத்தினால் காற்று சீறும், ஆட்கள் வாயில் அது 'ஏர்'. மெஷினில் கிடக்கும் இரும்புத் தூளை ஊத அது. ஆனால் எங்கள் ஆட்கள் அதற்கு மட்டுமா வைத்துக்கொள்கிறார்கள். சட்டையில் தூசியா, காற்றடி. கழுவிய டிபன் பாக்ஸ் காய வேண்டுமா, காற்றடி. மழையில் நனைந்தால் தலைக்கே காற்றடிப்பார்கள். வியர்த்தால் பனியனைத் தூக்கி உள்ளே விடுவார்கள். அந்த ஆட்களுக்குத் துண்டு என்ற பொருளே மறந்துபோய்விட்டது.

டாக்டர் சொன்ன மறுநாள் மதியம், சாப்பாட்டு நேரத்தில், பட்டறை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுப் பின்பக்கமாகப் போனேன்.

ஏழுமலை கவிழ்த்த பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். எதிரே இன்னொரு பெட்டி, அதன் மேல் கால். பேண்ட் முட்டி வரை மடித்திருந்தது. கட்டு பிரிந்து கிடந்தது. அடுத்த மெஷின்காரர் தாஸ், இவருக்குச் சொந்தம் இல்லை என்றாலும் மாமே போட்டுப் பேசுகிறவர், காற்றுக் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கிட்ட வெக்காத மாமே. தூரமா அடி. ஆங். கீழ. அங்கதான்" என்றார் ஏழுமலை.

எண்ணெய் தேய்த்துவிடும்போது ஆட்கள் முகத்தை வைத்திருப்பார்களே, அந்த முகம்.

"யோவ்" என்றேன்.

தாஸ் குழாயைக் கீழே போட்டார். அது பாம்பு மாதிரி தரையில் சுருண்டது.

"அண்ணி, அவருதான் கேட்டாரு" என்றார் தாஸ்.

"அவரு வெஷம் கேட்டா குடுப்பியா?"

"இல்ல அண்ணி. ஏர்தான கேட்டாரு."

ஏழுமலைக்கு மேலே பார்க்க ஃபேன் இல்லை. தரையைப் பார்த்துச் சொன்னார்.

"சில்லுனு கீது மே. ஒரு நிமிசம் எரிச்சல் நிக்குது. அந்த ஒரு நிமிசத்துக்கோசரம்தான்."

கட்டை எடுத்து அவர் காலில் சுற்றினேன். ஆனால் சும்மா விடவில்லை. இரண்டு பேரையும் அப்படியே வண்டியில் ஏற்றினேன்.

ஏர் அடித்த கை

டாக்டர் நன்றாகத் திட்டினார். எனக்குத் திருப்தியாக இருந்தது. "அந்தக் காத்துல எண்ணெய் வரும், துரு வரும். மெஷின் தூசியை எல்லாம் அள்ளிச் சதைக்குள்ள ஏத்தியிருக்கீக. காத்து ரத்தத்துல புகுந்திருந்தா கால் இல்ல, ஆளே போயிருப்பீக. படிச்சுப் படிச்சுச் சொல்லுதேன், இன்னொரு தடவை அடிச்சா இங்க வராதீக." அப்புறம் கேட்டார். "இவ்வளவு எரிச்சல் இருக்குன்னு என்கிட்ட ஏன் சொல்லலை?"

"எல்லாருகிட்டயும் சொன்னேன் டாக்டரம்மா" என்றார் ஏழுமலை. "எரியத்தான் செய்யும்ன்னாங்க. அப்பறம் சொல்றத உட்டுட்டேன்."

டாக்டர் குனிந்து காலைத் திருப்பிப் பார்த்தார். "நானும் கேட்டிருக்கணும்" என்றார்.

எழுந்து போய்ச் செம்புத் தட்டும் நெய்யும் கொண்டுவந்தார். நெய்யில் தண்ணீர் விட்டு ஒரு சின்னச் செம்பின் அடியால் தேய்க்க வேண்டும். தண்ணீரை வடிக்க வேண்டும். மறுபடி தண்ணீர், மறுபடி தேய்ப்பு. நூறு தடவை கழுவிய நெய் என்றே அதற்குப் பெயர்.

"எரிச்சலுக்கு இது. புண்ணுக்குள்ள இல்ல, சுத்தி இருக்க தோலுக்கு" என்றவர் தாஸைப் பார்த்தார். "ஏர் அடிச்ச கை இதுதானே? வாங்க, உக்காருங்க."

தாஸ் உட்கார்ந்து தேய்த்தார். மஞ்சளாக இருந்த நெய் வெளுத்துக்கொண்டே வந்தது. அவருக்கு வியர்த்து ஊற்றியது. "இன்னும் எவ்ளோ டாக்டரம்மா?" என்று கேட்டபோதெல்லாம் டாக்டர் "நல்லா வருது, விடாதீக" என்றார். கடைசியில் அது நெய்யாகவே இல்லை. வெண்ணெயை விட வெளுப்பாக, விரலில் தொட்டால் ஐஸ் மாதிரி.

டாக்டர் புண்ணைக் கழுவி, மிச்சமிருந்த பொடியைப் பொறுக்கி எடுத்தார். சுற்றியுள்ள தோலில் அந்த நெய்யை விரலால் தடவினார். ஏழுமலை கண்ணை மூடினார்.

"எப்டி மாமே?" என்று கேட்டார் தாஸ். "ஏர விடவா?"

"ஏரு ஓடிப்பூடும்" என்றார் ஏழுமலை. "இது நிக்குது."

அதிலிருந்து நெய் கழுவும் வேலை தாஸுடையது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் குழாய் பிடித்த ஆள், ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டு வாசலில் செம்புத் தட்டோடு உட்கார்ந்தார். ஒரு தடவைகூட முணுமுணுக்கவில்லை. பட்டறையில் மற்ற ஆட்கள் காற்றுக் குழாயைத் தொட்டால் அவரே முறைப்பதாகக் கேள்விப்பட்டேன்.

இரும்பெல்லாம் வெளியே வர நாளானது. சிவப்பு திரும்பி வந்தது. புண்ணின் ஓரத்திலிருந்து மெல்லிசாகத் தோல் நடுவை நோக்கி நகர்ந்தது. ஒவ்வொரு முறையும் டாக்டர் முதலில் மோந்துதான் பார்ப்பார். ஒரு நாள் மோந்துவிட்டு, "எண்ணெய் வாசனைதான் வருது, வேற ஒண்ணும் இல்ல" என்றார். அந்த வார்த்தைக்காக அவர் காலில் விழலாம். நான் அப்படி விழுகிற ஆள் இல்லை. அவருடைய அம்மாவைக் கோயிலுக்கு என் வண்டியில் கூட்டிக்கொண்டு போகிறேன், அவ்வளவுதான்.

கடைசிக் கட்டு

கட்டு இனி வேண்டாம், நிற்கும்போது மட்டும் இறுக்கமான சாக்ஸ் போதும் என்று டாக்டர் சொன்ன அன்று, ஏழுமலை வீட்டுக்கு வந்து குளித்தார். இவ்வளவு காலமாக அந்தக் காலைப் பிளாஸ்டிக் கவரில் கட்டி, வாளிக்கு வெளியே நீட்டிக்கொண்டு குளித்த ஆள். அன்றுதான் முழு உடம்பிலும் தண்ணீர் பட்டது.

வெகு நேரம் வெளியே வரவில்லை. எட்டிப் பார்த்தேன். லுங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சொட்டச் சொட்ட பாத்ரூம் வாசலில் நின்றிருந்தார். புண் இருந்த இடத்தில் புதுத் தோல், கத்தரிப்பூ நிறத்தில். அதைத் தொட பயம். குனிந்து வாயைக் குவித்து உஃப் உஃப் என்று ஊதிக்கொண்டிருந்தார்.

"யோவ், மறுபடி காத்தா?"

"ஈரமா கீதே மே. தொட்டா பிஞ்சிடப் போது."

"நீட்டு" என்றேன். துண்டை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து காலை மடியில் இழுத்து வைத்தேன். விரலிலிருந்து மேலே துடைத்துக்கொண்டு வந்தேன். அந்தத் தோலுக்கு வந்ததும் அவர் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். என் கை நின்றது. அந்த வார்த்தைதான் வரப்போகிறது என்று நினைத்தேன்.

"எரியுதா?"

"இல்ல மே" என்றார். முகம் ஒரு மாதிரி கோணியது. "கூசுது."

நான் விடவில்லை. இன்னும் கொஞ்சம் துடைத்தேன்.